விரால் மூச்சு விடும் இடம்

கார்த்திகை பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் குளத்துக்கரைகளில் பைக்குகள் நிற்கத் தொடங்கும். வந்தவர்கள் கையில் மூங்கில் கம்பு இருக்காது. ஏழடி நீளத்தில் கார்பன் ராடு, அதில் ஒரு ரீல், நரம்பின் நுனியில் பச்சையோ கறுப்போ ஒரு ரப்பர் தவளை. இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் செல்போனை நீட்டுவார்கள். அதில் அமெரிக்காவில் எங்கோ ஓர் ஏரியில் படகில் நின்றுகொண்டு ஒருவர் பாஸ் மீனை இழுத்துக்கொண்டிருப்பார்.

பாஸ் நம் குளத்தில் கிடையாது. ஆனாலும் அவர் எறிகிற அதே ரப்பர் தவளைக்கு இங்கே விரால் பாய்கிறது. அப்படியானால் அவர் சொல்கிற எல்லா யோசனையும் இங்கே செல்லுமா? சில வருஷம் எறிந்தும், எறிபவர்களைப் பார்த்தும், கேட்டும், படித்தும் எனக்குப் புரிந்தவரையில் பாதிதான் செல்லும். மீதிப் பாதியை நம்பினால் முதுகுவலிதான் மிச்சம்.

முதலில் செல்லுகிற பாதி. பெருவாய்ப் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். விராலுக்கு அது சொந்தமே இல்லை, குடும்பமே வேறு. ஆனால் தொழில் ஒன்று. இரண்டும் இரையைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மீன்கள் அல்ல. பாசி, கட்டை, வேர், நிழல் என்று ஏதாவது ஒரு மறைவில் அசையாமல் கிடந்து, எட்டும் தூரத்தில் ஒன்று வந்ததும் ஒரே பாய்ச்சல். இரண்டுக்கும் வாய் அகலம். இரண்டும் குஞ்சு காக்கும். எனவே மறைவைத் தேடு, மறைவில் சிக்காத இரையைப் போடு, சத்தம் போடாதே என்கிற மூன்றும் ஜார்ஜியாவிலும் சரி, சங்கரன்கோவிலிலும் சரி.

ஜார்ஜியாவைச் சும்மா சொல்லவில்லை. அந்த மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ், அதாவது சுமார் 10 கிலோ, இன்றைக்கும் உலக சாதனை. 2009 ஜூலையில் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா ஏறக்குறைய அதே எடைக்கு ஒன்றைப் பிடித்து அதைச் சமன் செய்தார். பெர்ரி வீட்டில் அந்த மீனைச் சமைத்துத் தின்றுவிட்டார்கள் என்பது நமக்குப் பிடிக்கும் தகவல். சாதனை மீனைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுவது பஞ்சகாலத்துக் குடும்பத்துக்கு ஆகாத வேலை.

இனி செல்லாத பாதி. அதற்குக் காரணம் இரண்டு: மூச்சும் மழையும்.

பாஸ் செவுளால் சுவாசிக்கிறது. தண்ணீரில் கரைந்த பிராணவாயு எங்கே இருக்கிறது, சூடு எந்த ஆழத்தில் மாறுகிறது என்று பார்த்துத்தான் அதைத் தேட வேண்டும். அதற்காகவே எதிரொலிக் கருவி, வெப்பமானி எல்லாம் படகில் கட்டிக்கொண்டு போகிறார்கள். விரால் அப்படி இல்லை. செவுளுக்கு மேலே தலைக்குள் அதற்குத் தனியாக ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து காற்றை மொண்டுகொண்டு போயே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகிற மீன் இது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் சூடேறினால் இன்னும் அடிக்கடி, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். பாஸ்காரர் லட்ச ரூபாய்க் கருவியில் தேடுவதை நாம் கரையில் குத்தவைத்துப் பார்த்துவிடலாம். பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மாடு மேய்க்க வந்த ஓர் அண்ணாச்சி. ஒரு தை மாதக் காலை, ஊருக்கு மேற்கே ஒரு குளம். பெயர் வேண்டாம், சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பைக் நிற்கும். நான் கரையில் நின்று முக்கால் மணி நேரமாகத் திறந்த தண்ணீரில் விசிறிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் போகிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

“அங்ஙன எவ்வளவு நேரம் எறிஞ்சிட்டிருப்பிய? வெறுந்தண்ணில்லா அது.”

“எங்க எறியணும் அண்ணாச்சி?”

“எறியாதிய. கம்பைக் கீழ வச்சிட்டுச் சும்மா இருங்க. அது தன்னால சொல்லும்.”

உட்கார்ந்தோம். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை. காலடியிலிருந்து இருபதடி கூட இருக்காது, தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தடியில், பாசியும் வேரும் சேர்கிற இடத்தில், ‘பொளக்’ என்று ஒரு சத்தம். ஒரே ஒரு வட்டம் விரிந்தது. நடுவில் இரண்டு குமிழி. அவ்வளவுதான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். முக்கால் மணி நேரமும் என் தவளை அந்த மீனின் தலைக்கு மேலே பறந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எல்லா வட்டமும் விரால் இல்லை. கெண்டை அடிமண்ணைக் கிளறினால் பொடிக் குமிழிகள் சரம்சரமாக வரும். ஜிலேபி விடிகாலையில் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாசி மண்டிய குளத்தில் இரவெல்லாம் செடிகளும் சுவாசிப்பதால் விடியும் நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும். அதனால் வருகிற தவிப்பு அது. முக்குளிப்பான் மூழ்கினாலும் அழகான வட்டம் வரும். அதைப் பார்த்து எறிந்து, பத்தடி தள்ளிப் பறவை தலை தூக்கியதும் அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன். விரால் வட்டம் ஒற்றையாக, கனமாக, மந்தமான சத்தத்தோடு வரும். கேட்டுப் பழகிவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தெரியும்.

வட்டத்தைப் பார்த்ததும் அதன் நடுவிலேயே தவளையைப் போடுவது புதியவர்களின் கைப்பழக்கம். காற்று வாங்கிவிட்டு இறங்குகிற மீனின் தலையில் கல் விழுந்தால் அது நிற்குமா? ஐந்தாறு அடி தாண்டி, சற்று ஒதுக்கி எறிந்து, அந்த இடத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது காரணம் மழை. பாஸ் நூல்கள் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று நான்காக வகுத்து, எந்தப் பருவத்தில் எத்தனை அடி ஆழம் என்று சொல்லும். நம் குளத்துக்குப் பருவம் இரண்டுதான்: தண்ணீர் உண்டு, தண்ணீர் இல்லை. ஆடித்தபசுக்கு ஊரே சங்கரன்கோவிலில் கூடும் நாளில் சுற்றியுள்ள மானாவாரிக் குளங்களில் பெரும்பாலானவை வெறும் தரை. மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டிய பக்கம் கொஞ்சம் சாரல் தண்ணீர் கிடைக்கும். கிழக்கே கரிசல் பக்கம் போகப்போக வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். ஆழமும் பெரிதாக இல்லை. மண்மேவிய குளத்தில் கரையையும் மடையையும் ஒட்டிய பள்ளத்தை விட்டால் முழங்காலும் இடுப்பும்தான். இருபதடி ஆழத்துக்கு முக்குளித்துப் போகும்படி செய்த கிராங்க்பெய்ட் என்ற செயற்கை இரையை வாங்கி வந்தவர்கள் இங்கே பாசியைத்தான் அறுவடை செய்வார்கள்.

எனவே நம் நாள்காட்டி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் புதுத்தண்ணீர் வரும்போது மீன் ஏறும். வரத்துக்கால் வாயிலும், நேற்றுவரை புல்தரையாக இருந்து இன்று முழங்கால் தண்ணீர் நிற்கிற உள்வாய் ஓரத்திலும் விரால் வந்து நிற்கும். மண்ணிலிருந்து கிளம்பிய பூச்சி, தவளை, நத்தை எல்லாம் அங்கேதான். தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். அப்போது கண்ணுக்குக் காட்டுவதைவிடக் காதுக்குக் கேட்கச் செய்வது முக்கியம். மார்கழி, தையில் தண்ணீர் தெளியும், பாசி ஏறும், அல்லி படரும். இந்த இரண்டு மாதமும் விடிவதற்கு முன்னால் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு எறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எட்டு மணிக்கு மேல் வெயில் உறைத்து, அல்லி இலைக்குக் கீழே தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானதும் விரால் சுறுசுறுப்பாகும். மாசி, பங்குனியில் அப்படியே தலைகீழ்: காலை ஏழரைக்குள், இல்லையேல் மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் மர நிழலில் கிடக்கும் மீன் தவளை மூக்கில் இடித்தாலும் அசையாது. தண்ணீர் சுருங்கச் சுருங்க எல்லா மீனும் மடைப் பக்கத்துப் பள்ளத்தில் சேரும். சித்திரையில் சேறுதான். விரால் அந்தச் சேற்றுக்குள் ஈரம் இருக்கிறவரை புதைந்து கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

நம் பக்கத்துக் குளங்களில் ஒரு விசேஷம் உண்டு. உள்வாயில் கருவேல மரங்கள் நிற்கும். பல குளங்களில் சமூகக் காடு என்று நட்டவை, சிலவற்றில் சீமைக்கருவேலம் தானாக வந்தது. குளம் நிறைந்தால் இவை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அமெரிக்க அணைகளில் மூழ்கிய காட்டைத் தேடி மணிக்கணக்காகப் படகோட்டுகிறார்கள். நமக்கு அது கரையிலிருந்தே கையெட்டும் தூரம். அதிலும் தனியாக நிற்கும் மரம், இரண்டு மரத்துக்கு நடுவே பாசி இல்லாத சந்து, சம்புப் புதரின் மூலை, மறுகால் சுவரின் நிழல் விழும் பக்கம் என்று ஒன்று இன்னொன்றாக மாறுகிற எல்லையில்தான் மீன் இருக்கும். பரந்த பாசிக்கு நடுவிலும் அரிது, பரந்த தண்ணீருக்கு நடுவிலும் அரிது.

இவ்வளவும் இடம் பற்றி. எதை எறிவது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. கடைக்காரரிடம் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்வார். அவர் பிழைப்பு அது.

விராலுக்குத் தவளை என்பது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. நீளமான மூங்கில் கம்பில் உயிர்த்தவளையைக் கோத்து, பாசிச் சந்தில் தொட்டும் தொடாமலும் துள்ளவிடுவது நம் ஊர்களில் பழைய முறை. தூண்டில் நமக்கு எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகையின் 54ஆம் பாடலே போதும். யானை வளைத்துவிட்டுக் கைவிட்ட மூங்கில், மீன் கவ்வியதும் மேலே எழும் தூண்டில் கம்பைப் போல நிமிர்கிறது என்ற உவமையால் அந்தப் புலவருக்கு மீனெறிதூண்டிலார் என்றே பெயர் நின்றுவிட்டது. ராடின் வளைவையும் விறைப்பையும் பற்றி இன்றைய விளம்பரங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஒரு காட்சியில் முடித்திருக்கிறார். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். பின்னால் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு நூலும் போட்டார். அமெரிக்கப் பக்கக் கதையிலும் தவளை உண்டு. மிச்சிகனில் டோவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கித் தண்ணீரில் வீச, பாஸ் பாய்ந்து அடித்ததாம். அதற்குப் பிறகு அவர் செதுக்கிய முதல் தூண்டில் இரைகளில் மரத்தவளைகள் இருந்தன.

இப்போதைய ரப்பர் தவளையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கூடு. முதுகோடு ஒட்டி இரட்டை முள் படுத்திருக்கும், நுனிகள் உடம்பில் உரசிக்கொண்டு. இதனால் பாசி மேலும் கிளை மேலும் சிக்காமல் ஏறி இறங்கும். விரால் கவ்வி வாயை இறுக்கும்போது கூடு நசுங்கி முள் வெளியே வரும். பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் முள் நுனி நகத்தில் தட்ட வேண்டும். அழுத்தமாக அழுத்தியும் தட்டவில்லை என்றால் அந்தத் தவளை கடினம், அடி விழும், மீன் வராது. மலிவான தவளைகளில் பாதி இப்படித்தான். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு முள்ளை நூலிழை அளவு மேலே வளைத்துவிட்டால் சில தேறும். ரப்பர் இழைக் கால்கள் மிக நீளமாக இருந்தால் விரால் காலை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும். கத்தரியால் பாதி நறுக்கிவிடலாம். நாலைந்து எறிதலுக்கு ஒருமுறை வயிற்றை அமுக்கித் தண்ணீரைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் தவளை பின்பக்கம் தாழ்ந்து நீந்தும்.

நிறம் பற்றிய சண்டைக்கு முடிவே இல்லை. மேலே மிதக்கும் பொருளை விரால் கீழிருந்து வானத்தின் பின்னணியில் பார்க்கிறது. அதற்குத் தெரிவது பெரும்பாலும் நிழலுருவம். கலங்கல் தண்ணீருக்கும் மந்தாரத்துக்கும் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளையோ பழுப்போ என்று இரண்டு வைத்துக்கொண்டால் என் கணக்கில் போதும். முதுகில் வரைந்திருக்கும் அழகான புள்ளிகள் வாங்குகிறவரைப் பிடிப்பதற்கு.

ஓட்டும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ரீலைச் சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் தவளை எலி மாதிரி ஓடும். சுண்டு, சுண்டு, நிறுத்து. அல்லி இலை மேல் ஏறி விளிம்பில் உட்காரட்டும். மூன்று எண்ணு. பிறகு தண்ணீரில் சொத்தென்று விழவிடு. அடி பெரும்பாலும் விழும் அந்தக் கணத்தில்தான். அடி விழுந்ததும் உடம்பு தன்னிச்சையாகக் கம்பை இழுக்கும். அங்கேதான் மீன் போகிறது. தண்ணீர் வெடித்ததைப் பார்த்து இழுக்கக் கூடாது. நரம்பு இறுகிக் கனம் கையில் ஏறிய பிறகு ஓங்கிச் சுண்ட வேண்டும். ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார்கள். எண்ணுவதைவிட மூச்சை ஒருமுறை உள்ளே இழுப்பது எனக்குச் சரியாக வருகிறது. தப்பினாலும் கவலை இல்லை, அதே இடத்தில் மறுபடி போட்டால் விரால் இரண்டாம் தடவையும் வரும். சில நாள் மூன்றாம் தடவையும்.

நரம்பு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண தங்கூஸ் ரப்பர் மாதிரி நீளும். பாசிக்குள் முள் ஏறாது. 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, விறைப்பான ராடு. கவ்விய மீனைப் பாசிக்குள் திரும்பவிடாமல் முதல் ஐந்து நொடியில் மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

மற்ற இரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாசி இல்லாத வரத்துக்காலிலும் மறுகால் பள்ளத்திலும் சுழல்தகடு கட்டிய ஸ்பின்னர் நன்றாக ஓடும். மிதக்கும் தவளையைப் பார்த்தும் மீன் மேலே வராத நாளில், முள் நுனியை உடம்புக்குள் புதைத்துக் கோத்த மென்ரப்பர் மீனை மெதுவாக இழுக்கலாம். பாஸ்காரர்கள் டெக்சாஸ் முறை என்று சொல்வது இதுதான். பின்னங்கால்களில் சுழல்தகடு வைத்துக் கடகடவென்று சத்தம் போட்டு ஓடும் தவளை தாய்லாந்து, மலேசியா பக்கத்து வழக்கம். மலேசியாவில் இதே விராலுக்கு ஹருவான் என்று பெயர். கலங்கல் தண்ணீரில் அதை வெல்ல இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

ஒன்று பிடிவாதமாகச் சொல்வேன். மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் விராலின் பொடிக்குஞ்சுகள் பந்தாகத் திரண்டு, தூறல் விழுந்தது போல மேற்பரப்பில் பொரிந்துகொண்டு நகரும். அவற்றுக்கும் காற்று வேண்டும். அதற்கு நேர் கீழே பெற்ற மீன் காவலுக்கு வரும். அந்தப் பந்துக்குள் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல, கோபத்தால். இதைவிடச் சுலபமான மீன்பிடிப்பு கிடையாது, இதைவிடக் கேவலமானதும் கிடையாது. காவல் போனதும் குஞ்சுகளை ஜிலேபியும் கெளுத்தியும் அரைமணியில் முடித்துவிடும்.

உயிர்த்தவளைக்குப் பதில் ரப்பர் தவளை வந்ததில் ஒரு நன்மையும் உண்டு. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கணக்கில்லாமல் பிடித்து, வயலில் பூச்சி பெருகி, 1987இல் அரசு அந்த ஏற்றுமதியையே தடை செய்த நாடு இது.

மீனை ஊர் மாற்றுவது இன்னொரு கதை. 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோன பாஸ் அங்கே நாட்டு மீன்களைத் தின்று பெருகிவிட்டது. பீவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில் பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கே 2003 முதல் தடை. மறுபக்கம், விராலின் சீன உறவு ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குட்டையில் கிடைத்ததும் அந்தக் குட்டைக்கே மருந்து வைத்தார்கள். அதே ஆண்டு விரால் இனம் முழுவதையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். இரண்டு வருஷத்தில் அது போட்டோமேக் ஆற்றில் தென்பட்டது. இன்று அந்த ஊர்ப் பாஸ்காரர்கள் அதைப் பிடிக்க எறிவது ரப்பர் தவளை. எனவே ஏதோ ஒரு ஊரில் பிடித்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை நம் குளத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை வளர்ப்பதே இங்கே தடை.

கடைசியாக, குளம் யாருடையது என்ற விஷயம். பார்க்கப் பொதுவாகத் தெரிந்தாலும் பெரும்பாலான குளங்களில் மீன்பாசி ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கேட்காமல் எறிந்தால் அது திருட்டு, ராடு எவ்வளவு விலை என்றாலும். ஆனால் கேட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கார்த்திகை, மார்கழியில் அவருக்கு விரால் மேல்தான் கோபம், விட்ட குஞ்சையெல்லாம் அது தின்கிறது என்று. “கெண்டையத் தொடாம விரால மட்டும் பிடிச்சிக்கிடுங்க” என்பார் பல பேர். பங்குனியில் குளத்தை அழிக்கும்போது கிலோவுக்கு அதிக விலை தருவதும் அதே விரால்தான் என்பதால் மாசி பிறந்ததும் பேச்சு மாறிவிடும். ஆகவே போகிறவர்கள் தை முடிவதற்குள் போய்க் கேளுங்கள். மனம் இருந்தால் அவரே மடைமேட்டில் நின்று கை நீட்டுவார், நேற்று எந்த மரத்தடியில் அது மூச்சு விட்டது என்று.